களியை நிறுத்திய மூன்று நாள்

அப்பாவுக்கு மலத்தில் ரத்தம் போனபோது மூலம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். துத்திக் கீரையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கொடுத்தே ஒரு வருஷம் போய்விட்டது. பெருங்குடலில் கேன்சர் கட்டி என்று தெரிந்தபோது அவருக்கு 57. ஆபரேஷன், அப்புறம் ஆறு மாதம் கீமோ. இப்போது தேறிவிட்டார்; மாட்டுக்குத் தீவனம் வைப்பதே அவர்தான்.

சமீபத்தில் அவருடைய செக்கப்புக்குத் துணைக்குப் போனேன். டாக்டர் என் வயதைக் கேட்டார். 44 என்றேன். "அப்ப நாலு வருஷம் லேட்." பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்பு, இதில் எது முந்தியோ அப்போதே கொலோனோஸ்கோபி, அதாவது மலவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது, செய்துவிட வேண்டுமாம். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தை மலத்தில் காட்டும் டெஸ்ட் போதாதா என்றேன். குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்கள் அதில் தொடங்கலாம், உங்களுக்கு நேராகக் குழாய்தான் என்றுவிட்டார்.

குழாயைவிட அதற்குத் தயாராவதுதான் பாடு. ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் ஓட்ஸ், பிரவுன் பிரெட் கூடாது என்று இருந்தது. பாலக்கோட்டுப் பக்கம் அதை யார் தின்கிறார்கள்? களியைப் பற்றி ஒரு வரி இல்லை. போன் போட்டுக் கேட்டால், ராகியே ஆகாது. கீரை, கத்திரி, கொய்யா, தக்காளி எதுவும் ஆகாது. தக்காளி மண்டி இருக்கிற ஊரில் மூன்று நாள் தக்காளியில்லாத சமையல்! இட்லி, வெள்ளைச் சோறு, மோர் என்று ஓட்டினேன். முந்தின நாள் வெறும் இளநீரும் பால் விடாத டீயும்.

பேதிக்கான பவுடரை 2 லிட்டர் தண்ணீரில் கலக்கி, பாதியைச் சாயங்காலமும் மீதியை விடியற்காலை நாலு மணிக்கும் குடிக்க வேண்டும். எலுமிச்சை வாசனையில் உப்புத் தண்ணீர். ஜில்லென்று இருந்தால் கொஞ்சம் இறங்குகிறது. அதைக் குடித்துவிட்டு பஸ் ஏறலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தொப்பூர் கணவாயில் வண்டி நின்றுபோனால் கதை கந்தல். நான் முதல் நாளே சேலத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டேன். ராத்திரி முழுக்க அவர்கள் வீட்டுக் கக்கூஸ் என் வசம். கடைசியில் மஞ்சள் தண்ணீராக மட்டும் போக வேண்டும். கசடு தங்கினால் குடலின் உள்சுவரில் முளைக்கும் சதை, அதாவது பாலிப், சின்னதாக இருந்தால் மறைந்துவிடும், எல்லாம் முதலிலிருந்து.

பரிசோதனையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஊசி போட்டார்கள், எழுப்பினார்கள், அரை மணி ஆகியிருந்தது. வயிறு காற்றடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். 8 மில்லிமீட்டரில் ஒரு பாலிப் இருந்ததாம். பார்த்த கையோடு கம்பிச் சுருக்குப் போட்டு அறுத்து எடுத்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் பயாப்ஸி வந்தது: அடினோமா, அதாவது பின்னால் கேன்சராக மாறக்கூடிய வகைப் பாலிப்; இப்போது கேன்சர் இல்லை. இந்த வகை எல்லாமே கேன்சர் ஆகாது, ஆவதற்கும் வருஷக்கணக்கில் பிடிக்கும். ஆனால் எது ஆகும் என்று பார்த்துச் சொல்ல முடியாது, அதனால்தான் எடுத்துவிடுகிறோம் என்றார் டாக்டர். இனி 5 வருஷம் கழித்து.

ஓசூரில் இருக்கும் அண்ணனுக்கு 48. சொன்னதும், "எனக்குத்தான் ஒரு தொந்தரவும் இல்லையேடா" என்றார். எனக்கு மட்டும் என்ன இருந்தது? பாலிப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்து நாலு நாள் ஆகிறது.