நாலு தலைப் பாலம்

நவம்பர் 9

ஆஸ்பத்திரியில் இன்றும் "தொமானி" என்றார்கள். நாளை. இத்தாலி மொழியில் வேறெந்த வார்த்தையும் எனக்கு இப்படி மனசில் ஏறவில்லை.

நவம்பர் 10

அரை மணி நேரம் அக்கா பக்கத்தில் இருந்தேன். மூச்சு நேற்றைக்கு இன்று தேவலை. என்னைப் பார்த்ததும், "பாலத்தைப் பாத்தியாடா?" என்றாள். தினமும் அதன் மேல்தானே வருகிறேன், போகிறேன் என்றேன்.

"மேல நடந்தா பாத்ததா ஆயிடுமா? கீழ இறங்கு. நடுத்தூண்ல ஒரு சின்னக் கண் இருக்கும். அதப் பாத்துட்டு வந்து சொல்லு."

அவளுக்கு ரோம் என்றால் இந்த ஃபாப்ரிசியோ பாலம்தான். கொலோசியமெல்லாம் எனக்காக ஒத்துக்கொண்டது. வேலையில் இருந்த காலம் முழுக்கப் பாலம், மதகு, கலிங்கு என்று அலைந்தவள். இப்போது டைபர் ஆற்றின் நடுவில், இந்தத் தீவில், பாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் படுத்திருக்கிறாள். இன்னும் அதைப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் எந்தப் பக்கமாக வந்தது என்று அவளுக்கு நினைவில்லை.

நவம்பர் 11

இறங்கிவிட்டேன். படிகள் ஈரம், பாசி வேறு.

இரண்டு பெரிய கண்கள், ஒவ்வொன்றும் 24 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நடுவில் ஒரே ஒரு தூண். அந்தத் தூணின் வயிற்றில் ஆறு மீட்டர் அகலத்துக்கு ஒரு சின்ன வளைவு. மற்ற நாளில் அதன் வழியாகக் காற்று போகும். வெள்ளம் ஏறினால் தண்ணீருக்கு வழி விடும், தூண் தாங்க வேண்டிய வேகம் குறையும். நான் பார்க்கும்போது அதில் ஒரு துண்டு வானமும் பிளேன் மரக்கிளை ஒன்றும் தெரிந்தன. ஒரு கடற்காகம் உள்ளே போய் உட்கார்ந்து கழுத்தைச் சுருக்கிக்கொண்டது.

வெளியே தெரியும் செங்கல் 1679-இல் போர்த்தியது. உள்ளே இருப்பது எரிமலைக்கல். அது கி.மு. 62-இல் வைத்தது, இன்னும் அங்கேயே இருக்கிறது. எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "எந்த உசரத்துல ஆரம்பிக்குது?" என்றாள். அதை நான் பார்த்து வரவில்லை.

நவம்பர் 12

தூக்கமில்லை. போனை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 13

உயரத்தைப் பார்த்து வந்தேன். பெரிய வளைவுகள் எழும்பும் மட்டத்தை ஒட்டித்தான் சின்னக் கண்ணின் அடி. "அப்படித்தான் இருக்கணும்" என்றாள். முகம் தெளிந்தது.

பிறகு கல்வெட்டு. சாலைகளுக்குப் பொறுப்பாளராக இருந்த லூசியஸ் ஃபாப்ரிசியஸ் கட்டுவித்தார் என்று வளைவின் மேல் பெரிய எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அவரே பரிசோதித்து ஏற்றுக்கொண்டார் என்றும் இருக்கிறது. அக்கா நிமிர்ந்து உட்காரப் பார்த்தாள். "கட்டினவரே சரின்னு சொன்னா எப்படி? வேற யாராவது பாத்தாங்களா?" பார்த்திருக்கிறார்கள். கி.மு. 23 வெள்ளத்துக்குப் பிறகு, 21-இல், லொல்லியஸ், லெப்பிடஸ் என்ற இரண்டு கான்சல்கள், அதாவது ரோமின் தலைமை ஆட்சியாளர்கள், சோதித்துச் சரி என்று சின்ன எழுத்தில் பொறித்தார்கள். நாற்பத்தொரு வருஷம் ஓடிய பாலத்தைத் திரும்ப வந்து பார்த்திருக்கிறார்கள்.

"அதான் நல்ல வேலை" என்றாள். அப்புறம் இருமல் வந்துவிட்டது. நர்ஸ் என்னை வெளியே இருக்கச் சொன்னார்.

நவம்பர் 14

கைப்பிடிச்சுவரில் பளிங்குத் தூண் இரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு தலை. ஊர்க்காரர்கள் நாலு தலைப் பாலம் என்பது இதனால்தான். மூக்கெல்லாம் தேய்ந்து, கன்னம் மட்டும் வழவழவென்று இருக்கிறது. போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை தொடுகிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கி.மு. 293-இல் கொள்ளைநோய். மருத்துவக் கடவுள் எஸ்குலாப்பியஸின் பாம்பைக் கிரேக்கத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்களாம். அது இறங்கி நீந்தி இந்தத் தீவில் ஏறியதாம். கோயில் எழுந்தது. நோயாளிகளை அன்றைக்கும் இங்கேதான் கொண்டுவந்தார்கள். கோயில் இருந்த இடத்தில் இப்போது பர்த்தலோமேயு தேவாலயம். படியில் பழைய கிணற்றின் விளிம்புக்கல் இருக்கிறது. அதன் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தொமானி.

நவம்பர் 15

மழை. ஆறு மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போகிறது. தீவுக்குக் கீழே இன்னொரு பாலம், எமிலியஸ் பாலம். 1598 வெள்ளம் பாதியை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒரே ஒரு வளைவு நடு ஆற்றில் நிற்கிறது, இரண்டு பக்கமும் கரையில்லாமல். அதை அக்காவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 16

"உடைஞ்சதப் பத்தி ஏன்டா ஒண்ணும் சொல்லல?"

அவளுக்குத் தெரியாதா என்ன! அழுதுவிட்டேன். அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "அது ஏன் போச்சு, இது ஏன் நிக்குதுன்னு யோசிச்சுப் பாரு" என்றாள்.

நவம்பர் 17

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். பாதி இத்தாலியன், பாதி ஆங்கிலம். இங்கே எழுத வேண்டாம்.

கடைசியாக ஒன்று கேட்டேன். சக்கர நாற்காலியில் பாலம் வரை கூட்டிப்போகலாமா, பத்து நிமிஷம் போதும். யோசித்தார். தொமானி என்றார்.

சாயங்காலம் பாலத்தில் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். 62 மீட்டர். கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கின்றன. நடுவில் மேடு தட்டுகிறது, அங்கே நான் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். இடது ஓரம் கொஞ்சம் சமமாக இருக்கிறது. தலைத்தூண் பக்கம் நிறுத்தினால் கைநீட்டித் தொடலாம், ஆனால் சின்னக் கண் மேலேயிருந்து தெரியாது. அதற்குக் கரையோரச் சாலைக்குத்தான் போக வேண்டும். கேட்டுப் பார்க்கிறேன்.

போர்வை இரண்டு. அவள் கண்ணாடி. காலை பத்து மணி.