பி.காம் பையன் வானியல் எலெக்டிவ் எடுத்தால்

என்.எம்.இ.யில், அதாவது நம் மேஜருக்கு வெளியே எடுக்கிற எலெக்டிவில் (நான்-மேஜர் எலெக்டிவ்), வானியல் எடுக்கலாமா என்று ஜூனியர் பசங்க கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் தண்டையார்பேட்டை, பி.காம், பத்தாவதோடு சயின்ஸுக்குக் கும்பிடு போட்டவன். எடுத்தேன், பாஸும் ஆனேன், அதனால் சொல்கிறேன்.

ராத்திரி மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு நட்சத்திரத்துக்குப் பேர் சொல்கிற வகுப்பு என்று நினைத்து வராதீர்கள். டெலஸ்கோப் கண்ணில் படுவதே அபூர்வம், பட்டாலும் வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் நிலாவின் பள்ளங்களைப் பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். மீதியெல்லாம் போர்டும் கால்குலேட்டரும். கெப்ளர் விதிகள், நிறமாலை, எரிந்து ஓய்ந்து சுருங்கிப்போன நட்சத்திரமான வெள்ளைக் குள்ளன் சூரியனைப்போல 1.4 மடங்கு நிறை வரைதான் தாங்கும் என்று நம்ம பிரசிடென்சி காலேஜில் படித்த சந்திரசேகர் போட்ட கணக்கு, இதெல்லாம் உட்கார்ந்து படித்தால் வந்துவிடும்.

நிறைய பேர் சறுக்குவது மேக்னிட்யூடில், அதாவது நட்சத்திரம் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதற்குப் போடுகிற எண்ணில். எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். ராத்திரி வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் மைனஸ் 1.46, நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்குத் தெரிகிற மங்கலான நட்சத்திரம் சுமார் 6. ஐந்து எண் வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் 100 மடங்கு. அப்போ ஒரு எண்ணுக்கு 20 மடங்கா? இல்லை, ஒவ்வொரு படிக்கும் 2.512 ஆல் பெருக்கிக்கொண்டே போக வேண்டும், கூட்டுவட்டி போட்டுப் பழகிய காமர்ஸ் பசங்களுக்கு இது சட்டென்று பிடிபடும், லாக் மட்டும் ஒரு தடவை தூசு தட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கை 1856இல் முன்வைத்த நார்மன் பாக்சன், 1861இல் மெட்ராஸ் வந்து, 1891இல் சாகும்வரை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தில்தான் வேலை பார்த்தார். பரீட்சைக்கு வராது, ஆனால் எனக்கு ஃபார்முலா மனதில் நின்றதே இதைக் கேட்ட பிறகுதான்.

அப்புறம் அசைன்மென்ட், நட்சத்திரத்தை வைத்து நம் ஊர் அட்சரேகையை அளப்பது. துருவ நட்சத்திரம் எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ அதுதான் நம் ஊர் அட்சரேகை, சென்னைக்கு 13. சரி, எங்க மாடியில் நின்று வடக்கே பார்த்தால் எண்ணூர், மணலிப் பக்கத்து வெளிச்சம்தான் வானம் முழுக்க, அவ்வளவு தாழ்வில் அந்த நட்சத்திரம் எங்கே தெரியும்? சாரிடம் சொன்னதும் வேறு வழி கொடுத்தார். ஓரியன் என்கிற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக இருக்கிற மூன்றில் மேற்கு ஓரத்து மின்டாக்கா கிட்டத்தட்ட வான நடுவரை (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் போகிற கற்பனைக் கோடு) மேலேயே இருக்கிறது, அது தெற்கே உச்சத்துக்கு வரும்போது உயரத்தை அளந்து 90இல் கழித்தால் போதும். மாசித் தொடக்கத்தில் ராத்திரி எட்டு மணி வாக்கில் வரும். பாகைமானி, நூல், நுனியில் ஒரு நட்டு, செலவே இல்லை. "இன்னா தம்பி, வானத்துக்கு அளவு எடுக்குற?" என்று பக்கத்து மாடி அண்ணன் கேட்டார். எனக்கு வந்த விடை 15, அதாவது என் வீடு நெல்லூரையும் தாண்டி எங்கேயோ இருக்கிறது. அதை 13 என்று மாற்றி எழுதாமல், கை ஆடியது, காற்றில் நூல் அசைந்தது என்று பிசகுக்குக் காரணம் எழுதியதற்குத்தான் மார்க் விழுந்தது. அச்சாக 13 எழுதிக் கொடுத்தவர்களை சார் திரும்பச் செய்யச் சொன்னார்.

எந்த செமஸ்டர் என்று தேர்வு செய்ய வாய்ப்பு இருந்தால் இரண்டாவதைப் பிடியுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை மழை மேகத்தில் அளக்க ஒன்றும் தெரியாது. பரீட்சை ஹாலில் சயின்டிஃபிக் கால்குலேட்டர் விடுவார்களா என்பதையும் முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.