மூன்று பெல்ட் தின்ற வண்டி

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மாமாவுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. ஜீப் நுழையாத ஒற்றையடித் தடங்களில் மூட்டை ஏற்றவும் மருந்து டிரம் கொண்டுபோகவும் ஒரு பழைய ஏடிவி, அதாவது கரடுமுரடான தடத்தில் ஓடும் நாலு சக்கரத் திறந்த வண்டி வைத்திருக்கிறார், செகண்ட்ஹேண்டில் வாங்கியது. போன பழ சீசனில் மட்டும் அது இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட் மூன்றைத் தின்றது. மூன்றாவது அறுந்தபோது வண்டி மூட்டையோடு ஏற்றத்தில் நின்றுவிட்டது, மாமா போன் போட்டு, "மாப்ள, இத எடைக்குப் போட்டுரலாமா?" என்றார்.

அதுவரை பார்த்த மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் சொன்னது ஒரே பதில்: பெல்ட் சரக்கு சரியில்லை. நானும் நம்பினேன். ஆனால் அறுந்த பெல்ட்டைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்துத் தேய்ந்திருந்தது, மறுபக்கம் ஏறக்குறைய புதுசு. ஒரே இடத்தில் மட்டும் கருகிப் பள்ளமாகியிருந்தால், சக்கரம் சிக்கி நிற்கும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சுற்று முழுக்க ஒரு பக்கமாகத் தேய்ந்தால் இரண்டு கிளட்சும், அதாவது பெல்ட் ஓடுகிற முன் புல்லியும் பின் புல்லியும், ஒரே கோட்டில் இல்லை. பெல்ட் இங்கே குற்றவாளி இல்லை, சாட்சி.

ஆக்டிவா பெல்ட் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கதி பாதி தெரியும். ஒரு வித்தியாசம் மட்டும். ஸ்கூட்டரில் பெல்ட் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், பின்னால் ஷூ கிளட்ச் தனியாக இருக்கும். மாமா வண்டியில் முன் புல்லியே கிளட்ச். ஐட்லிங்கில் அதன் இரண்டு தட்டுகளும் விலகி நிற்க, பெல்ட் நடுவில் சும்மா கிடக்கும், ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் உள்ளேயிருக்கும் வெயிட்டுகள் வெளியே விரிந்து தட்டை நெருக்கிப் பெல்ட்டைப் பிடிக்கும். அதனால்தான் பெல்ட் இறுக்கமாக இருந்தால் ஐட்லிங்கிலேயே வண்டி ஊர்ந்து நகரும், கியர் போடும்போது கடகடவென்று கத்தும். தளர்ந்திருந்தால் கிளம்பும்போது ஒரு உதறல். மாமா வண்டியில் இரண்டும் இருந்தது, காலையில் ஊர்தல், மூட்டை ஏற்றினால் உதறல். இரண்டும் எப்படி ஒரே வண்டியில் வரும் என்று அன்றைக்கே கேட்டிருந்தால் ஒரு பெல்ட் காசு மிச்சம்.

சரி, அளந்துவிடலாம் என்று சேலத்தில் ஒரு லேத்தில் நேராக மட்டம் பிடித்த இரும்புப் பட்டை ஒன்று செய்து வாங்கிக்கொண்டு மலையேறினேன், இருபது கொண்டை ஊசி வளைவும் அது பின்சீட்டில் உருண்டு சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பின் கிளட்சின் அசையாத தட்டோடு பட்டையை ஒட்டவைத்து முன் கிளட்ச் வரை நீட்ட வேண்டும். முன் கிளட்ச் தட்டுக்கும் பட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தட்டின் முன்விளிம்பில் ஒரு தடவை, பின்விளிம்பில் ஒரு தடவை அளக்க வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால் இன்ஜின் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்து, அளவு மட்டும் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் பின் கிளட்சுக்குப் பின்னால் வாசர் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம். இந்த அளவு வண்டிக்கு வண்டி மாறும், அடுத்தவர் சொன்ன கணக்கை எடுத்துப் போடாதீர்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூடாக வார்த்த வண்டி உங்களுடையது என்றால் இந்த வேலையே உங்களுக்குக் கிடையாது.

அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தது! முன்னும் பின்னும் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. மாமா என்னையும் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

கடுப்பில் ஒரு கடப்பாரையை இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே கொடுத்து நெம்பினேன். இன்ஜின் அசைந்தது. லேசாக இல்லை, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. இன்ஜினைச் சேசிஸோடு பிடித்து வைக்கும் மவுண்டிங்குகளில் முன்பக்க ரப்பர் வெடித்துக் கிடந்தது, இன்னொரு மவுண்டிங்கில் யாரோ முன்பு இன்ஜின் இறக்கியபோது சின்ன சைஸ் போல்ட் போட்டு, ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. வண்டி நிற்கும்போது இன்ஜின் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். சுமையோடு ஏற்றம் ஏறினால் பெல்ட் இழுக்கிற இழுப்பில் பின் கிளட்ச் பக்கம் சரியும், பெல்ட் தளரும், கோணலாகும், வழுக்கும், கருகும். ஆக, நிற்கிற வண்டியில் அளந்த அளவை மட்டும் நம்பாதீர்கள். முதலில் நெம்பிப் பாருங்கள், மவுண்டிங்கை மாற்றுங்கள், பிறகு அளங்கள். முன்னாடியே வாசர் போட்டால் மவுண்டிங் மாற்றியதும் எல்லாம் கலையும்.

ரப்பர் மாற்றி, தேய்ந்த ஓட்டையில் புஷ் (உள்வளையம்) அடித்து, சரியான போல்ட் போட்டுப் புத்தகத்தில் உள்ள இறுக்க அளவுக்கு (டார்க்) முறுக்கினோம். மறுபடி அளந்ததில் ஒரே ஒரு வாசரை எடுக்க வேண்டியிருந்தது. தட்டுகளில் பழைய மெக்கானிக் அன்போடு தடவியிருந்த கிரீஸைத் துடைக்கத்தான் அதிக நேரம் ஆனது. பெல்ட் ஓடுகிற முகத்தில் எண்ணெய்ப் பசையே ஆகாது, கைரேகைகூட வேண்டாம், பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்துவிட்டுப் புது பெல்ட்டை அம்புக்குறி பார்த்து மாட்டினோம். முதல் ஐம்பது கிலோமீட்டர் மூட்டை ஏற்றக்கூடாது, மெதுவாகப் போகும் ஏற்றத்தில் லோ கியரில்தான் ஓட்ட வேண்டும் என்று மாமாவிடம் சத்தியம் வாங்கினேன். ஊர்தலும் உதறலும் அன்றோடு போய்விட்டன.

ஒன்று மட்டும் பாக்கி. மேலே காற்று மெலிசு, 300 மீட்டர் ஏறினால் இன்ஜின் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும், ஏற்காடோ 1,500 மீட்டர். சமவெளிக்குப் பொருத்திய வெயிட்டுகள் அங்கே கொஞ்சம் கனம், இன்ஜின் மூச்சு வாங்குகிறது. கொஞ்சம் லேசான செட் போட்டால் சரியாகும், ஆனால் எல்லா வெயிட்டும் ஒரே எடையாக இருக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற நண்பனிடம் தராசு கேட்டிருக்கிறேன், "வெள்ளியா?" என்றான், இன்னும் விளக்கவில்லை.