கல் இல்லாத ஊரில் இருந்து கல்லைப் படிப்பது: ஜியாலஜி தேர்வு எழுதும் டெல்டா பிள்ளைகளுக்கு

டெல்டாவில் பிறந்து ஜியாலஜி படிக்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. சேலத்துக்காரரும் மதுரைக்காரரும் ஊர் எல்லையைத் தாண்டினாலே பாறையில் கால் வைத்துவிடுவார்கள். நமக்கு மன்னார்குடியில் இருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் வண்டல்தான். வீட்டில் கிடக்கிற அம்மிக்கல்கூட வெளியூரில் இருந்து வந்தது. பாறை அடுக்கு, மடிப்பு, ஃபால்ட் (பாறை பிளந்து நகர்ந்த இடம்) என்று வகுப்பில் சொல்லும்போது எல்லாமே பாடப்புத்தகப் படமாகவே நின்றுவிடும். பலர் அதைப் படமாகவே மனப்பாடம் செய்து, தேர்வில் படம் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் திணறுகிறார்கள்.

நான் எழுதியது யூ.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு. முதல் கட்டத்துக்கு 400 மதிப்பெண்: பொது அறிவுக்கு 100, ஜியாலஜிக்கு 300. மெயின்ஸில் தலா 200 மதிப்பெண்ணுக்கு மூன்று தாள்கள், கடைசியில் 200 மதிப்பெண்ணுக்கு நேர்காணல். தாள்கள் ஆங்கிலத்தில்தான். பாறை அடுக்குகளும் ஃபால்ட்களும் மெயின்ஸ் முதல் தாளில் வருகின்றன. கேட் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் இதே பகுதி, கணக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். பாடத்திட்டம், வயது வரம்பு எல்லாம் அறிவிப்பிலேயே இருக்கின்றன, அதற்குள் நான் போகவில்லை. பாறையின் மடிப்பையும் பிளவையும் பார்க்கிற ஸ்ட்ரக்சரல் ஜியாலஜியையும், அடுக்கு வரிசையைப் பார்க்கிற ஸ்ட்ராட்டிகிராஃபியையும் எப்படிக் கைக்குள் கொண்டுவருவது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்தப் பகுதியில் எந்தக் கேள்வியை எடுத்தாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: எது முதலில் நடந்தது, எது பிறகு? 1669இலேயே டென்மார்க் அறிஞர் ஸ்டெனோ சொல்லிவிட்டார்: கீழே இருப்பது மூத்தது, படியும்போது அடுக்கு கிடையாகத்தான் படியும். பின்னால் வந்தவர்கள் இன்னொன்றும் சேர்த்தார்கள்: எதையாவது வெட்டிக்கொண்டு போகிற பிளவோ தீப்பாறையோ, வெட்டுப்பட்டதைவிட இளையது. இவ்வளவுதான் மூலதனம். பெயர்ப் பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரை விட்டுவிட்டு அங்கே ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். கொலராடோ ஆறு 446 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில இடங்களில் 1.8 கிலோமீட்டர் ஆழம் வரை அறுத்துத் திறந்து வைத்திருக்கிறது. மரம் மட்டை மறைக்காத குறுக்குவெட்டு. அதைவிட முக்கியம், மூன்று வகை அன்கன்ஃபார்மிட்டியும் (அடுக்கு வரிசையில் காலம் விட்டுப்போன தளம்) ஒரே படத்தில் கிடைக்கும். பெயர் எழுதாத ஒரு குறுக்குவெட்டுப் படத்தைப் பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, அடியில் இருந்து கதை எழுதிப் பாருங்கள்.

அடியில் விஷ்ணு ஷிஸ்ட். 170 கோடி ஆண்டுக்கு மேல் வயது. படிவும் எரிமலைப் பொருளும் சேர்ந்து, புதைந்து, வெந்து உருமாறிய பாறை. அதற்குள் கிரானைட் புகுந்திருக்கிறது. பிறகு மேலே இருந்த மலை முழுக்கத் தேய்ந்து போனது. அதன்மேல் கிராண்ட் கேன்யன் சூப்பர்குரூப் என்கிற அடுக்குகள் படிந்தன. பிளவுகள் உண்டாகி அவை சாய்ந்தன. மறுபடியும் தேய்ந்தன. அதற்குப் பிறகு, சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் உள்ளே வந்து டேப்பீட்ஸ் மணற்கல் கிடையாகப் படிந்தது. இந்த டேப்பீட்ஸ் சாய்ந்த சூப்பர்குரூப்பின்மேல் உட்காரும் இடம் ஆங்குலர் அன்கன்ஃபார்மிட்டி. சூப்பர்குரூப் முழுக்கத் தேய்ந்துபோய் நேராக விஷ்ணு ஷிஸ்டின்மேலேயே உட்காரும் இடம் நான்கன்ஃபார்மிட்டி. அங்கே விரலை வைத்தால் விரலுக்குக் கீழும் மேலும் 120 கோடி ஆண்டு இடைவெளி. ஒரே டேப்பீட்ஸின் அடிப்பக்கம்தான், பக்கத்துப் பக்கத்து இடம்தான், ஆனால் பெயர் மாறுகிறது. எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் பதில் எழுதுகிறவர்கள் இங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

மூன்றாவது இன்னும் நயமானது. மேலே போகப் போக முவாவ் சுண்ணாம்புக்கல், அதன்மேல் ரெட்வால் சுண்ணாம்புக்கல். இரண்டும் கிடை. படத்தைப் பார்த்தால் தொடர்ச்சியாகப் படிந்த மாதிரியே இருக்கும். ஆனால் நடுவில் வர வேண்டிய ஓர்டோவிசியன், சிலூரியன் காலப் பாறைகள் அறவே இல்லை. அதற்கடுத்த டெவோனியன் காலத்து டெம்பிள் பட் என்ற அடுக்கு அங்கங்கே பழைய வாய்க்கால்களுக்குள் மட்டும் மிச்சமிருக்கிறது. இது டிஸ்கன்ஃபார்மிட்டி. கோணத்தைத் தேடினால் கிடைக்காது, தேய்ந்த தளத்தையும் தொல்லுயிரையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். உச்சியில் கைபாப் சுண்ணாம்புக்கல், சுமார் 27 கோடி ஆண்டு. இவ்வளவும் படிந்து, பீடபூமி உயர்ந்த பிறகுதான் ஆறு இந்த ஆழத்துக்கு அறுத்தது. பாறையின் வயதையும் பள்ளத்தின் வயதையும் கேள்வியில் வேண்டுமென்றே குழப்பி வைப்பார்கள். பாறை கிழம், பள்ளம் குழந்தை.

ஃபால்ட்டுக்கு வருவோம். ஹேங்கிங் வால், ஃபுட் வால் என்பவை சுரங்கத் தொழிலாளர்கள் வைத்த பெயர்கள். சாய்ந்த பிளவுக்குள் தோண்டிப் போகிறவருக்குத் தலைக்குமேல் தொங்குவது ஒன்று, காலடியில் கிடப்பது ஒன்று. படத்தில் பிளவுக் கோட்டின்மேல் ஒரு குச்சி மனிதனை வரையுங்கள், சந்தேகமே வராது. ஹேங்கிங் வால் இறங்கியிருந்தால் நார்மல், நிலம் இழுபட்டிருக்கிறது. ஏறியிருந்தால் ரிவர்ஸ், நெருக்குண்டிருக்கிறது. கேன்யனின் கிழக்குப் பகுதியில் பட் ஃபால்ட் என்று ஒன்று இருக்கிறது. அது இரண்டு தடவை நகர்ந்தது. முதலில் பிரீகேம்பிரியன் காலத்தில் (டேப்பீட்ஸ் படிவதற்கு முன்) நார்மலாக, மேற்குப் பக்கம் இறங்கியது. பல கோடி ஆண்டு கழித்து, ராக்கி மலைகள் எழுந்த நெருக்கலில், அதே பிளவு ரிவர்ஸாக மேற்குப் பக்கத்தைத் தூக்கியது. மேலே இருந்த இளைய அடுக்குகள் அதனால் ஒருபக்கமாக மடிந்து மோனோக்ளைன் ஆயின. முதல் நகர்வு பெரிது, இரண்டாவது சிறிது. அதனால் இன்றைக்கும் கீழ் அடுக்குகளைப் பார்த்தால் மேற்கு இறங்கியிருக்கிறது, மேல் அடுக்குகளைப் பார்த்தால் மேற்கு ஏறியிருக்கிறது. இந்த ஒரு பிளவைப் புரிந்துகொண்டு படம் போட்டுப் பழகியவருக்கு ஃபால்ட் கேள்வி எதுவும் புதிதாக இருக்காது என்பது என் கணிப்பு.

அடுத்து, நம் ஊரில் எதைப் பார்ப்பது? பாறை இல்லை, ஆனால் பாறையாவதற்கு முந்தைய பொருள் எல்லாம் இருக்கிறது. மேட்டூர் திறப்பதற்கு முன்னால் வெடித்துக் கிடக்கும் வயலில் மண்வெட்டியால் ஒரு பக்கத்தைச் செங்குத்தாக வெட்டிப் பாருங்கள். வெடிப்பு மேலே அகலமாக, கீழே போகப் போகக் கூராக இருக்கும். அதற்குள் மேல்மண் தூள் இறங்கியிருக்கும். அடுக்கு தலைகீழாகப் புரண்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் கேட்கிற கேள்விக்கு விடை அங்கேயே இருக்கிறது, கூர்முனை காட்டும் பக்கம் கீழ். கேன்யனின் ஹெர்மிட் அடுக்கிலும் இதே சேற்று வெடிப்புகள் கல்லாகிக் கிடக்கின்றன. கொள்ளிடத்தில் தண்ணீர் அறுத்த மணல் திட்டின் பக்கவாட்டைப் பாருங்கள். சாய்ந்த மெல்லிய வரிகள் தெரியும். அவை அடியில் வளைந்து படுத்து, மேலே திடீரென்று வெட்டுப்பட்டு நிற்கும். இதுதான் கிராஸ் பெட்டிங். வரி சாயும் திசை தண்ணீர் ஓடிய திசை. கேன்யனின் கொகோனினோ மணற்கல்லில் இருப்பது காற்று குவித்த மணல்மேட்டின் வரி, அளவில் மிகப் பெரியது. ஆற்று வரியைக் கண்ணால் பார்த்தவருக்கு அந்த வித்தியாசம் மறக்காது.

போர் போடும் இடத்தையும் விடாதீர்கள். எங்கள் தெருவில் ஃபில்டர் பாயின்ட் இறக்கும்போது போர்க்காரர் வெளியே வருகிற மண்ணை ஒவ்வொரு குழாய் நீளத்துக்கும் ஒரு கைப்பிடி எடுத்து வரிசையாகச் சாக்கில் வைப்பார். மஞ்சள் களி, கறுப்புக் களி, பொடி மணல், பருமணல். "என்ன தம்பி, சேத்தைப் போயி இப்படிப் பாக்குறீங்க?" என்று சிரிப்பார். "பாடம்ணே" என்றால் அடுத்த தெருவில் களி எத்தனை அடியில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வார். மூன்று போரின் ஆழம் கிடைத்தால் த்ரீ பாயின்ட் பிராப்ளம் ரெடி. வரைபடத்தில் மூன்று புள்ளி வைத்து, சம ஆழக் கோடு போட்டு, ஸ்ட்ரைக்கும் (அடுக்கின் கிடைக்கோட்டுத் திசை) டிப்பும் (அடுக்கு சாயும் கோணம்) எடுக்கலாம். வருகிற விடையை நிஜமென்று நம்பிவிடக் கூடாது. டெல்டாக் களி ஒரே விரிப்பாகக் கிடப்பதில்லை, பழைய ஆற்றுப் போக்கில் அங்கங்கே தேய்ந்து முடிந்துவிடும், ஒரு போரில் வந்த களியும் அடுத்த போரில் வந்த களியும் வேறு வேறாக இருக்கலாம். கணக்குக் கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

கணக்கில் மூன்று சூத்திரங்கள் போதும். வெட்டுத் திசையில் தெரியும் சாய்வின் டேன் மதிப்பு, உண்மையான டிப்பின் டேனை, ஸ்ட்ரைக்குக்கும் வெட்டுக்கும் நடுவிலுள்ள கோணத்தின் சைனால் பெருக்கினால் வரும். உண்மை டிப் 30 டிகிரி, நடுக்கோணம் 45 என்றால் தெரிகிற சாய்வு சுமார் 22 டிகிரி. அது உண்மையைவிட ஒருநாளும் கூடாது, கூடினால் கணக்கைத் திரும்பப் போடுங்கள். சமதளத்தில் 100 மீட்டர் அகலத்துக்குத் தெரியும் அடுக்கு 30 டிகிரி சாய்ந்திருந்தால் தடிமன் 50 மீட்டர் (அகலம் பெருக்கல் டிப்பின் சைன்). செங்குத்துப் போர் ஒரு அடுக்கை 20 மீட்டர் துளைத்து, டிப் 60 என்றால் தடிமன் 10 மீட்டர் (நீளம் பெருக்கல் டிப்பின் கோசைன்). வி விதிக்கு (பள்ளத்தாக்கைக் கடக்கும் அடுக்கு வரைபடத்தில் வி வடிவில் வளைவது) மட்டும் சூத்திரம் உதவாது. இரண்டு நிறத் தெர்மாகோல் அட்டைகளை மாற்றி மாற்றி ஒட்டி, சாய்த்துப் பிடித்து, கத்தியால் ஒரு பள்ளத்தாக்கு வெட்டுங்கள். அடுக்கு நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் சாய்ந்தால் வி எந்தப் பக்கம் காட்டுகிறது, செங்குத்தாக இருந்தால் ஏன் நேர்க்கோடாக ஓடுகிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

உண்மையான பாறைக்கு அரியலூர்தான். தஞ்சாவூரில் இருந்து திருவையாறு, திருமானூர் வழியாகப் பஸ் இருக்கிறது. கொள்ளிடப் பாலம் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் மண் நிறம் மாறுவது தெரியும். அங்கே உள்ள கிரிட்டேஷியஸ் (டைனோசர் யுகத்தின் கடைசிக் காலம்) அடுக்குகள் கிழக்கே மெல்லச் சாய்கின்றன. அதனால் மேற்கே உத்தத்தூர் குரூப், பிறகு திருச்சிராப்பள்ளி குரூப், அப்புறம் அரியலூர் குரூப் என்று கிழக்கே வர வர இளையது. 1860களில் பிளான்ஃபோர்ட் என்ற புவியியலாளர் போட்ட வரிசையின் எலும்புக்கூடு இன்றைக்கும் அதுதான். பெரம்பலூர் மாவட்டம் காரையில் ஷேல் (களி இறுகிய பாறை) முழுக்க மழைநீர் அரித்துக் குட்டிக் கேன்யன்களாகக் கிடக்கிறது. ஜிப்சம் நரம்புகள் வெயிலில் மின்னும். பெலம்னைட் (கணவாய் போன்ற கடலுயிரின் தொல்லுயிர்) பொறுக்கிப் பார்க்கலாம். பக்கத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம். 1940இல் அதை அடையாளம் கண்ட எம்.எஸ்.கிருஷ்ணன், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் இயக்குநரான முதல் இந்தியர். மகாராஜபுரத்துக்காரர், நம்ம தஞ்சாவூர்ப் பக்கம். கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லில் கிரைஃபியா சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கும். ஆனால் அங்கே பெரும்பாலானவை சிமென்ட் சுரங்கங்கள், துறை வழியாக அனுமதி வாங்காமல் உள்ளே போக வேண்டாம். கேட்டால் கொடுக்கிறார்கள்.

திருப்பதிக்குப் போகிற வீடுகளுக்கு இன்னொரு வாய்ப்பு. மலைப்பாதையில் ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். பழைய கிரானைட்டின்மேல் குவார்ட்சைட் (இறுகி உருமாறிய மணற்கல்) அடுக்குகள் கிடையாக உட்கார்ந்திருக்கும் எபார்க்கியன் அன்கன்ஃபார்மிட்டி அங்கேதான், தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். மொட்டை போடுகிற பயணத்திலேயே ஒரு நான்கன்ஃபார்மிட்டி பார்த்த மாதிரி.

மெயின்ஸில் பதில் எழுதும்போது படத்தை முதலில் போடுங்கள். கீழிருந்து மேலே எண் கொடுத்து, அந்த எண் வரிசையிலேயே வாக்கியம் எழுதுங்கள். சிந்தனை தமிழில் ஓடினால் ஓடட்டும், எண் வரிசை சரியாக இருந்தால் ஆங்கிலம் எளிமையாக இருந்தாலும் மதிப்பெண் வருகிறது. ஆங்கில நடையைப் பற்றிய பயத்தில் படத்துக்கான நேரத்தைக் குறைப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

நேர்காணலில் சொந்த ஊரை வைத்துக் கேட்பார்கள். "டெல்டாவில் வண்டல் மட்டும்தானே" என்று ஆரம்பித்தால் மகிழ்ந்துகொள்ளுங்கள். கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது இழுபட்டு உண்டான படுகை இது. வயலுக்கு அடியில் வடகிழக்கு தென்மேற்காக ஓடும் நார்மல் ஃபால்ட்கள், அவற்றுக்கு நடுவில் உயர்ந்து நிற்கும் முகடுகளும் இறங்கிய பள்ளங்களும். கும்பகோணம்–மாதானம் முகடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடி முகடு, காரைக்கால் முகடு. தஞ்சாவூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் பள்ளங்கள். ஆழமான பள்ளங்களில் படிவு ஐந்து கிலோமீட்டரைத் தாண்டுகிறது, கிராண்ட் கேன்யனின் ஆழத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நரிமணம், கோயில்களப்பால், அடியக்கமங்கலம், குத்தாலம் என்று ஓ.என்.ஜி.சி. எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பது இந்த அமைப்பில் இருந்துதான். அரியலூரில் மேலே தெரிகிற அதே கிரிட்டேஷியஸ் காலப் படிவுகள் கிழக்கே சாய்ந்து இங்கே அடியில் கிடக்கின்றன. அரியலூரில் தொடங்கி நாகப்பட்டினம் கடற்கரையில் முடியும் ஒரு குறுக்குவெட்டை, முகடும் பள்ளமும் பிளவும் இடம் மாறாமல், வெற்றுத் தாளில் பார்க்காமல் வரையும் வரை பழகிவிட்டுப் போங்கள்.