அங்குலத்துக்கு ஒரு கட்டை

மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நடுவில் ஒரு நாள் விடுப்பும் செலவாயின. எஞ்சின் இப்போது எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில், அதற்கென்று அடித்த இரும்புச் சட்டத்தின் மேல் நிற்கிறது. நான்கு சிலிண்டர் டீசல், பின்னால் கியர்பாக்ஸ். தூத்துக்குடி தெரஸ்புரம் கரையில் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பழைய வல்லத்திலிருந்து (மீன்பிடிப் படகு) வாங்கியது. கழற்றிச் சுத்தம் செய்து, மறுபடி கோத்து, என் கையால் ஓடவைக்க வேண்டும் என்பது பல வருட ஆசை. அந்த வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. கரையிலிருந்து கொட்டகை வரை கொண்டுவந்ததை மட்டும் இப்போது எழுதி வைக்கிறேன். எஞ்சின் வேலை சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டால் "நாலு பேரைக் கூப்பிடு" என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

எடை என்ன என்று விற்றவரிடம் கேட்டேன். "இருநூற்றம்பது இருக்கும்" என்றார். பக்கத்தில் நின்றவர் நானூறு என்றார். சரி, ஐந்நூறு என்று வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்வோம் என்று முடிவு செய்தேன். நல்ல முடிவுதான். கரைக்குப் போகும்போதே குட்டி யானையை எடை மேடையில் ஏற்றி வெறும் வண்டியின் எடையை எடுத்துக்கொண்டோம்: டிரைவரும் நானும் உள்ளே உட்கார்ந்திருக்க 1,050 கிலோ. திரும்பும்போது அதே இரண்டு பேர், அதே மேடை: 1,440. வித்தியாசம் 390. அதில் அடிக்கட்டைகளும் பலகையும் ஒரு 30 கிலோ. ஆக எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து 360 கிலோ. அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், அதனால் முன்பின் இருக்கலாம். வீட்டில் வாங்க வேண்டிய சக்கரம், பெல்ட், சங்கிலி எல்லாவற்றுக்கும் இந்த எண்தான் ஆதாரம்.

கரையில் முதல் வேலை எடையைக் குறைப்பது. ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ, சைலன்சர் குழாய் மூன்றையும் கழற்றித் தனியே ஒரு சாக்கில் போட்டோம். கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். ஆயிலை வடித்தோம். தண்ணீர் ஓடும் பாகத்தின் அடைப்பைத் திறந்ததும் துருவும் உப்புமாக ஒரு செம்பழுப்புத் தண்ணீர் வந்து நிற்கவேயில்லை. பாதி வாளி நிரம்பியது. திறந்து கிடந்த துளை ஒவ்வொன்றிலும் சுத்தமான துணியைத் திணித்து மேலே டேப் ஒட்டினேன். கடற்கரை மணல் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் சிலிண்டரைக் கீறிவிடும்.

அங்கே ஒரு பெரியவர் இருந்தார். வல்லங்களைக் கரையேற்றியும் இறக்கியுமே வயதானவர். வல்லத்தின் ஒரு பக்கப் பலகைகளை ஏற்கெனவே பிரித்துவிட்டதால், எஞ்சினை மேலே தூக்காமல் பக்கவாட்டில் வெளியே இழுத்துவிடலாம் என்றார். ஐந்தடிக் கடப்பாரை ஒன்று, அதற்கு அண்டைகொடுக்க ஒரு வேலங்கட்டை. எஞ்சின் காலுக்கு அடியில் நுனியைக் கொடுத்து ஒரு கையால் அமுக்கினார், முன்பக்கம் எழுந்தது. நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு முனையை மட்டும் எழுப்பும்போது தூக்க வேண்டியது பாதி எடை, 180 கிலோ. கட்டை நுனியிலிருந்து மூன்று அங்குலத்தில் இருந்தால் இந்தப் பக்கம் 57 அங்குலம் மிஞ்சும். பத்தொன்பது மடங்கு. பத்துக் கிலோ அழுத்தம் போதும். அவர் இதையெல்லாம் கணக்குப் போடவில்லை, கட்டையை எவ்வளவு நெருக்கி வைக்கலாம் என்று கைக்கே தெரிந்திருந்தது.

எழுந்த இடைவெளியில் நான் கையை விட்டுப் பலகையைத் தள்ளப் போனேன். சட்டென்று கடப்பாரையை அப்படியே பிடித்துக்கொண்டு, "தம்பி, கைய எடு" என்றார். ஒரு சவுக்குக் குச்சியைக் கொடுத்து அதால் தள்ளச் சொன்னார். அப்புறம் சொன்னார்: "தூக்குன இடத்துல காத்து இருக்கக்கூடாது. கட்டை இருக்கணும். ஒரு இஞ்சு தூக்கு, ஒரு கட்டை வை. அப்புறம் அடுத்த இஞ்சு." அதற்குப் பிறகு வீட்டில் செய்த அத்தனைக்கும் இந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டேன். சங்கிலி அறுந்தாலும், பெல்ட் நழுவினாலும், எஞ்சின் ஓர் அங்குலத்துக்கு மேல் விழ வழியில்லை.

வண்டியில் ஏற்றவும் தூக்கவில்லை. கரையில் மணல் மேடு ஒன்றைப் பார்த்து வண்டியைப் பின்பக்கமாக விட்டு, வண்டித் தளமும் மேடும் ஒரே மட்டத்துக்கு வரும்படி நிறுத்தினோம். பலகை போட்டு, அதன்மேல் இரண்டு அங்குல ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நான்கு. எஞ்சினைக் கட்டைச் சட்டத்தோடு உருட்டி உள்ளே விட்டோம். பின்னால் வெளிவரும் குழாயை எடுத்து முன்னால் போட ஒருவர், தள்ள மூன்று பேர், கடப்பாரையோடு பெரியவர். இருபது நிமிடம்.

கட்டும்போதுதான் தவறு செய்தோம். மேலே இரண்டு சுற்றுக் கயிறு போட்டு இறுக்கியதும் போதும் என்று நினைத்தேன். முதல் வேகத்தடையில் டிரைவர் பிரேக் போட்டபோது பின்னால் ஒரு 'டொக்'. இறங்கிப் பார்த்தால் எஞ்சின் இரண்டு விரற்கடை முன்னால் வந்திருக்கிறது. மேலே போடும் கயிறு கீழ்நோக்கி அமுக்குமே தவிர, முன்னால் போவதை அவ்வளவாகத் தடுக்காது. ஐரோப்பிய நாடுகளில் சரக்குக் கட்டுவதற்கு வைத்திருக்கும் கணக்குப்படி, முன்பக்கமாக எடையில் 80 சதவீதத்தையும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 50 சதவீதத்தையும் கட்டு தாங்க வேண்டும். எங்கள் 390 கிலோவுக்கு முன்பக்கம் மட்டும் 312 கிலோ. அந்த இடத்திலேயே வண்டியை ஓரமாக நிறுத்தி, சட்டத்தின் நான்கு மூலையிலிருந்தும் தளத்தின் கொக்கிகளுக்கு ராட்செட் பெல்ட்டை, அதாவது கைப்பிடியை ஆட்டி இறுக்கும் பட்டையை, குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினோம். முன்பக்கத் தடுப்புக்கும் சட்டத்துக்கும் நடுவே கட்டையைச் செருகினோம். அதன்பின் வீடு வரை அசையவில்லை. முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

வீட்டில் இறக்குவதற்குத்தான் அதிகம் யோசித்தேன். போர்ட்டிகோவில் ஊஞ்சல் கொக்கி இருக்கிறது. பார்த்தவர் எல்லாரும், மாப்ளை உட்பட (மனைவியின் தம்பி), "அதுல மாட்டித் தூக்கலாமே அத்தான்" என்றார்கள். மாட்டக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அந்தக் கொக்கியை ஸ்லாபில் எந்தக் கம்பியில் வளைத்து, எவ்வளவு ஆழத்தில் விட்டிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஊஞ்சலில் மூன்று பேர் உட்காருவதும், 360 கிலோ ஒரே புள்ளியில் குலுங்கித் தொங்குவதும் ஒன்றல்ல. கொக்கி பிய்ந்தால் எஞ்சின் மட்டும் போகாது, கூரையும் சேர்ந்து வரும்.

அதனால் முக்காலி. இரண்டரை அங்குல ஜிஐ குழாய், சி கிளாஸ் எனப்படும் தடித்த வகை, பத்தடியில் மூன்று. தலைப்பில் துளையிட்டுத் தடித்த போல்ட்டில் கோத்து, நடுவில் ஒரு டி ஷேக்கிள் (போல்ட்டால் மூடும் இரும்பு வளையம்). அதில் நாள் வாடகைக்கு எடுத்த ஒரு டன் செயின் பிளாக், அதாவது சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி. இந்தச் செயின் பிளாக்கை நான் ரசித்தேன் என்றே சொல்ல வேண்டும். கைச் சங்கிலியை ஏறத்தாழ நாற்பது அடி இழுத்தால் கொக்கி ஓரடி ஏறுகிறது. அவ்வளவு மெதுவாகப் போவதால்தான் ஒரே ஆள் இத்தனை எடையைத் தூக்க முடிகிறது. கையை விட்டாலும் உள்ளே இருக்கும் பிரேக் பிடித்து அந்த இடத்திலேயே நிறுத்துகிறது. இழுக்கும்போது வரும் அந்தச் 'சடசட' சத்தம் நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

முதல் தடவை இழுத்துப் பாரம் ஏறத் தொடங்கியதும் முக்காலியின் ஒரு கால் சிமெண்ட் தரையில் ஓர் அங்குலம் வழுக்கியது. உடனே தளர்த்தினோம். பாரம் ஏற ஏறக் கால்கள் வெளியே விரியத்தான் பார்க்கும். மூன்று காலையும் தரையோரத்தில் சங்கிலியால் முக்கோணமாகச் சுற்றி இறுக்கிய பிறகு துளியும் நகரவில்லை. கீழே சாக்கு போடலாம், குழி வெட்டலாம் என்று யோசனை வந்தது. சுற்றுச் சங்கிலிதான் முறையான வழி.

எஞ்சினைச் சுற்றிக் கொக்கியில் மாட்ட பெல்ட் ஸ்லிங் இரண்டு, ஊதா நிறம். இந்தப் பெல்ட்களில் நிறமே எடையைச் சொல்லும்: ஊதா ஒரு டன், பச்சை இரண்டு, மஞ்சள் மூன்று. ஒரு டன் இருக்கிறதே என்று கவனமில்லாமல் இருந்துவிடக்கூடாது, கோணம் முக்கியம். கொக்கியிலிருந்து இரண்டு பெல்ட்டும் 60 டிகிரி விரிந்து இறங்கினால் ஒவ்வொன்றின் மேலும் எங்கள் எஞ்சினுக்கு 208 கிலோ விழும். 90 டிகிரியில் 255. 120 டிகிரி விரித்தால் ஒவ்வொரு பெல்ட்டும் முழு 360 கிலோவையும் சுமக்கும். உயரம் போதவில்லை என்று பெல்ட்டைக் குட்டையாகப் போடுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். எங்களுக்கும் உயரம் இடித்தது. அதற்காகக் கோணத்தை விரிக்காமல், முக்காலியின் கால்களைக் கொஞ்சம் நெருக்கித் தலைப்பை உயர்த்தினோம். எஞ்சின் விளிம்பு பெல்ட்டில் உரசும் இடங்களில் பழைய லாரி டியூபை வெட்டிச் சுற்றினேன். டீசல் போகும் மெல்லிய குழாய்களில் பெல்ட் படாமல் பார்த்துக்கொள்ளவே அரை மணி ஆனது. அவை நசுங்கினால் புதிதாக வளைத்து வாங்க வேண்டும்.

அடுத்து, எடை நடுவில் இல்லை. ஃபிளைவீலும் கியர்பாக்ஸும் பின்பக்கம் இருப்பதால், கண்ணுக்கு நடுவாகத் தெரிந்த இடத்தில் மாட்டியதும் வால் தாழ்ந்து மூக்கு எழுந்தது. இரண்டு விரற்கடை தூக்கு, பார், இறக்கு, பின்பக்கப் பெல்ட்டைச் சுருக்கு, மறுபடி தூக்கு. ஐந்து தடவை. ஐந்தாவது தடவை சட்டத்தை விட்டு மட்டமாக எழுந்தபோது மாப்ளை சத்தமே போடாமல் என் தோளைத் தட்டினான்.

பிறகு செய்ததுதான் மிகச் சுலபமான பகுதி. எஞ்சினை நகர்த்தவில்லை, வண்டியை நகர்த்தினோம். எஞ்சின் தளத்திலிருந்து ஓர் அங்குலம் மேலே தொங்க, டிரைவர் வண்டியை நியூட்ரலில் விட, இரண்டு பேர் மெல்ல முன்னால் தள்ளினார்கள். வண்டி விலக விலக, கீழே ஏற்கெனவே அடுக்கத் தயாராக வைத்திருந்த கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக எஞ்சினின் கால்களுக்கு நேராக அடுக்கினோம். கட்டை காலுக்குத்தான், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்கு அல்ல. சம்ப் வெறும் தகடு, அதன்மேல் எஞ்சினை உட்காரவைத்தால் அமுங்கிவிடும். அங்குலம் இறக்கு, ஒரு கட்டையை உருவு, அங்குலம் இறக்கு. உருவியதும் வைத்ததும் எல்லாம் குச்சியால்தான். இரண்டரை அடி இறங்க ஒன்றே கால் மணி. யாரும் அவசரப்படவில்லை.

கீழே சக்கரம் வைத்த சட்டம் காத்திருந்தது. சேனல் இரும்பில் பக்கத்துப் பட்டறையில் அடித்தது, அதுவே 40 கிலோ. மொத்தம் 400. நான்கு சக்கரம் என்பதால் தலைக்கு நூறு என்று நினைக்கக்கூடாது. நம் வீட்டுத் தரையில் ஏதாவது ஒரு சக்கரம் எப்போதும் காற்றில்தான் இருக்கும். மூன்றால் வகுத்தால் 133. அதனால் 150 கிலோ தாங்கும் சக்கரங்களாக வாங்கினேன். சின்னச் சக்கரம் ஓடுகளின் இடுக்கில் மாட்டும் என்பதால் ஆறு அங்குல விட்டம்.

போர்ட்டிகோவிலிருந்து கொட்டகைக்கு நேர் வழி 22 அடி. அந்த நேர் வழியில்தான் தண்ணீர் சம்ப் இருக்கிறது. மேலே ஒரு மெல்லிய கான்கிரீட் மூடி, அதன்மேல் ஓடு பதித்திருப்பதால் தரையோடு தரையாகத்தான் தெரியும். அதன்மேல் 400 கிலோவை நிறுத்துவதை நினைத்தாலே நெஞ்சு பதறியது. முந்தின நாள் இரவே சாக்பீஸால் சம்பையும் கழிவுநீர்த் தொட்டியையும் சுற்றிக் கோடு போட்டுவிட்டேன். முப்பத்தைந்து அடி சுற்றிப் போனோம். மணல் வருகிற இடத்தில் இரண்டு பிளைவுட் பலகை, ஒன்றைத் தாண்டியதும் எடுத்து முன்னால் போடுவது. கொட்டகை வாசலில் இரண்டு அங்குலப் படி. அங்கே கடப்பாரையை எடுத்தேன். அண்டைக் கட்டையை நுனியோடு நெருக்கி வைத்து அமுக்கியபோது, பெரியவர் ஒரு கையால் ஏன் செய்தார் என்பது எனக்கும் புரிந்தது. முன்சக்கரம் எழுந்தது, ஆப்பு வைத்தோம், பின்சக்கரம், ஆப்பு, உள்ளே.

மூன்றாம் ஞாயிறு கியர்பாக்ஸைத் தனியே பிரித்தோம். அதற்கும் அதே செயின் பிளாக், அதே கட்டைகள். அது சாயும் பக்கம் எதுவென்று முன்பே தெரிந்ததால் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டேன். நேற்றுச் சாயங்காலம் முன்பக்கப் புல்லி போல்ட்டில் பெரிய ஸ்பேனரைப் போட்டு மெல்ல அழுத்தினேன். முதலில் அசையவில்லை. கொஞ்சம் பின்பக்கம், கொஞ்சம் முன்பக்கம். ஏழாவதோ எட்டாவதோ தடவை உள்ளே எங்கேயோ 'சர்ர்' என்று ஒரு சத்தம் வந்து, கால் சுற்று நகர்ந்தது. இன்ஜெக்டர் துளையிலிருந்து கறுப்பாய் ஒரு துளி ஆயில் குமிழியிட்டு வந்து, பக்கவாட்டில் வழிந்தது. மாப்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த வாரம் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றுகிறோம்.