ஏ.சி. வாயில் புதுக்காற்று வராது

காற்றோட்டத்தையும் நோய்த்தொற்றையும் சேர்த்து ஆய்வு செய்ய நினைக்கும் மாணவர்களுக்கு வங்கிக் கிளை ஒரு நல்ல அறை. சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் இருக்கும் ஒரு கிளையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், அதாவது 180 கன மீட்டர். கண்ணாடிக் கதவு, திறக்கவே திறக்காத ஜன்னல், இரண்டு ஒன்றரை டன் ஸ்பிலிட் ஏ.சி., ஊழியரும் வாடிக்கையாளருமாக 20 பேர்.

உள்ளே மூச்சுக்காற்று எவ்வளவு தேங்குகிறது என்பதைக் கரியமில வாயு காட்டிக்கொடுக்கும். இந்த அறையை, காற்றோட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் மென்பொருளில் வரைந்ததும் பலர் முதலில் செய்வது, ஏ.சி.யின் வாயை 'இன்லெட்' (வெளிக்காற்று நுழையும் வழி) என்று குறித்து அதில் கரியமில வாயு 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு, வெளிக்காற்றின் அளவு) என்று எழுதுவது. ஆய்வு அங்கேயே கெட்டுவிடுகிறது. ஒன்றரை டன் ஸ்பிலிட் மணிக்கு ஏறக்குறைய 1,000 கன மீட்டர் காற்றைத் தள்ளும். அத்தனையும் அறைக்குள்ளிருந்தே உறிஞ்சிய காற்று. அதைப் புதுக்காற்று என்று எழுதினால், இரண்டு ஏ.சி.க்கும் சேர்த்து மணிக்கு 11 முறை அறைக்காற்று மாறுவதாகக் கணினி நம்பிவிடும். காற்றில் பரவும் நோய் உள்ளவர்களைத் தனிமைப்படுத்தும் மருத்துவமனை அறைக்கே 12 முறைதான் அளவுகோல்! பூட்டிய கிளையில் உண்மையில் நடப்பது ஒன்றோ இரண்டோ முறை. வண்ணப் படம் அழகாக வரும், எண் ஐந்து முதல் பத்து மடங்கு வரை பொய்யாக இருக்கும்.

சரியான வழி, ஏ.சி. உறிஞ்சும் முகத்தில் உள்ள செறிவின் சராசரியை ஒவ்வொரு படியிலும் எடுத்து வெளிவிடும் முகத்தில் அப்படியே கொடுப்பது. வெப்பநிலையை மட்டும் குறைக்கலாம். புதுக்காற்று வருவது கதவிடுக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் துவாரம், கதவு திறந்து மூடும் நொடிகள் வழியாகத்தான். எவ்வளவு வருகிறது என்பதை மென்பொருள் சொல்லாது, நாம்தான் அளந்து கொடுக்கவேண்டும்.

அளக்கத் தேவை ஒரு கரியமில வாயு மீட்டர். ரிச்சி தெருவில் சென்சார் வாங்குபவர்கள் அகச்சிவப்பு ஒளியால் கரியமில வாயுவையே நேரடியாக அளக்கும் என்.டி.ஐ.ஆர். வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். வேறு வாயுக்களை வைத்து உத்தேசமாக எண் காட்டும் மலிவுச் சென்சாரும் அதே தட்டில்தான் இருக்கும். சானிடைசர் தெளித்தாலே அதில் எண் எகிறும். என்.டி.ஐ.ஆரிலும் ஒரு பொறி உண்டு. தானியங்கி அளவீட்டுத் திருத்தம் ஓடிக்கொண்டிருந்தால், சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று அது எடுத்துக்கொள்ளும். இரவிலும் பூட்டிக் கிடக்கும் அறையில் அது தவறு. அந்த வசதியை அணைத்துவிட்டு, வெளியே வைத்து நீங்களே திருத்துங்கள். கன்டெய்னர் லாரி ஓடும் சாலையோரத்தில் 420 என்ற பாடநூல் எண் பொருந்தவேண்டும் என்பதில்லை. வாசலில் அளந்ததையே பயன்படுத்துங்கள். உள்ளே உட்கார்ந்தவரின் மூக்கு உயரத்தில், யாருடைய மூச்சும் ஏ.சி. வீச்சும் நேராகப் படாத இடத்தில் மீட்டர் இருக்கட்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நொடிக்குச் சுமார் 0.005 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். 20 பேருக்கு 0.1 லிட்டர். உள்ளே அளவு வெளியைவிட 2,000 பிபிஎம் கூடி நின்றுவிட்டது என்றால், 0.1-ஐ 0.002-ஆல் வகுக்க நொடிக்கு 50 லிட்டர் புதுக்காற்று, அதாவது மணிக்கு 180 கன மீட்டர், ஒரே ஒரு மாற்றம். ஆனால் இந்த வேகத்தில் அளவு நிலைக்கு வரவே மூன்று மணி நேரம் பிடிக்கும். அதற்குள் வரிசை கூடும், குறையும். அதனால் கிளை காலியானபின் அளவு இறங்குவதைப் பதிவு செய்வது நம்பகமானது. வெளி 420 இருக்கும்போது அரை மணியில் 1,620 லிருந்து 920 க்கு இறங்கினால், மிகுதி 1,200 லிருந்து 500 ஆகிறது. அந்த விகிதம் 2.4, அதன் இயல் மடக்கை 0.875, அரை மணியால் வகுத்தால் மணிக்கு 1.75 மாற்றம். ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கட்டும், காற்று நன்றாகக் கலக்கும். ஒரு காவலாளி உள்ளே உட்கார்ந்திருந்தாலும் கணக்கு தவறும்.

இனி நோய். கோவிட்டை விட காசநோயை எடுத்துக்கொள்வதே சென்னைக்குப் பொருத்தம். 1956ல் இங்கே தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், சானடோரியத்தில் (காசநோய் மருத்துவமனையில்) வைத்து மருந்து கொடுப்பதையும் வீட்டிலேயே மருந்து கொடுப்பதையும் ஒப்பிட்டது. நெருக்கடியான வீடுகளில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று அது கண்டது. ஆக, பயப்பட வேண்டியது மருந்து சாப்பிடுகிறவரைப் பார்த்து அல்ல. நோய் இருப்பதே தெரியாமல் இருமுகிறவர் பகிரும் அறைக்காற்றைப் பார்த்துத்தான்.

அந்த ஆபத்தைக் கணக்கிட வெல்ஸ்–ரைலி சமன்பாடு. நோயாளி எண்ணிக்கை, மணிக்கு வெளிவிடும் குவாண்டா (தொற்று உண்டாக்கும் அளவைக் குறிக்கும் அலகு), மூச்சுக்காற்றின் அளவு, நேரம் நான்கையும் பெருக்கிப் புதுக்காற்றால் வகுக்கவேண்டும். கிடைப்பதைக் கழித்தல் குறியோடு அடுக்குச் சார்பில் (e-இன் அடுக்காக) போட்டு, வருவதை 1-லிருந்து கழித்தால் தொற்று வாய்ப்பு. 1991ல் நார்டெல் குழு ஓர் அமெரிக்க அலுவலகத்தில் பரவிய காசநோய் பற்றிய ஆய்வை வெளியிட்டது. ஒரு நோயாளியோடு வேலை செய்த 67 பேரில் 27 பேருக்குத் தொற்று, கணக்கிட்ட குவாண்டா மணிக்கு 13 அளவில். அதே எண்ணை நம் கிளையில், புதுக்காற்று மணிக்கு 180 கன மீட்டர், மூச்சு மணிக்கு 0.48 கன மீட்டர் என்று வைத்துப் போடுங்கள். கால் மணி நேரம் நிற்கும் வாடிக்கையாளருக்கு 1 சதவீதம் கூட இல்லை. நோயுற்ற சக ஊழியரோடு எட்டு மணி நேரம் இருக்கும் கேஷியருக்கு ஒரே நாளில் 24 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் பொது இடங்களுக்குச் சொல்லும் ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் கிடைத்தால் அது 7 சதவீதத்துக்கும் கீழே வரும். வரிசையில் நிற்பவர்களை மட்டும் படம் பிடிக்கும் ஆய்வுகள் கவுன்டருக்கு உள்ளே இருப்பவர்களை விட்டுவிடுகின்றன.

அந்த 10 லிட்டரைக் கொடுக்க மேலாளர் ஏன் தயங்குவார் என்பதையும் எழுதவேண்டும், இல்லையென்றால் ஆய்வு அலமாரியில் தூங்கும். வெளியே 33 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். உள்ளே 25 டிகிரி, 55 சதவீதம். இந்த நிலையில் 20 பேருக்கு நொடிக்கு 200 லிட்டர் வெளிக்காற்றைக் குளிர்விக்க ஏறக்குறைய 2 டன் கூடுதல் குளிர்சக்தி வேண்டும். அதில் முக்கால்வாசி சூட்டைக் குறைக்க அல்ல, ஈரத்தைப் பிழிய. டெல்லிக் கோடைக்குப் போட்ட கணக்கு இங்கே எடுபடாததற்குக் காரணம் இதுதான்.

சிமுலேஷன் உண்மையில் உதவுவது எக்ஸாஸ்ட் ஃபேனை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு. வாசலுக்கு மேலேயே மாட்டினால் கதவிடுக்கில் நுழைந்த காற்று கவுன்டரைத் தொடாமல் வெளியேறிவிடும். எதிர்ச் சுவரில், கவுன்டருக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். கணக்குக்காக அறையை 10 சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 1,80,000 செல்கள்தான், சாதாரண லேப்டாப் போதும், ஏ.சி. வாயருகே 2 சென்டிமீட்டருக்கு நெருக்குங்கள். ஆளுக்கு 75 வாட் வெப்பம் கொடுக்க மறந்தால் மூச்சுக்காற்று மேலே எழும்பாது. நேரத்தோடு மாறாத நிலையான தீர்வு ஓர் எண்ணில் வந்து நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தால் கட்டத்தைக் குறை சொல்லாதீர்கள், வெப்ப ஓட்டம் இயல்பிலேயே ஆடும்; நேரத்தோடு ஓடவிட்டுச் சராசரி எடுங்கள். வெளியேறும் கரியமில வாயுவிலிருந்து உள்ளே வந்ததைக் கழித்து, அது நொடிக்கு 0.1 லிட்டருக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்தபின் படத்துக்கு வண்ணம் போடுங்கள்.