காட்பாடியில் ஒரு வில்லன் வீட்டுச் சுவர்

முதலில் ஆட்டோக்காரர் கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது. வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் முதுகுப்பையோடு இறங்கியதுமே ஒருவர் ஓடிவந்து "கஹான் ஜானா ஹை?" (எங்கே போகணும்?) என்று இந்தியில் கேட்டார். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்து வரும் கூட்டத்தோடு என்னையும் சேர்த்துவிட்டார் போல. தமிழில் பதில் சொன்னதும் அவர் முகம் வாடியது, ரேட் வாடவில்லை. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் காட்பாடிக்குப் போக 350 ரூபாயாம். தொண்டை வறளப் பேசி 250க்குக் கொண்டுவந்தேன். திரும்பும்போது அதே தூரத்தை டவுன் பஸ்ஸில் சில்லறைக் காசில் கடந்தேன் என்பது தனி எரிச்சல். வைத்தியத்துக்கு வந்து ஏற்கெனவே நொந்துபோயிருப்பவர்களிடம் எவ்வளவு கறப்பார்களோ! பாகாயம்–காட்பாடி பஸ் அடிக்கடி வருகிறது, ஏறிக்கொள்ளுங்கள்.

கோட்டை, கோயில், மியூசியம், எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுவதாகத்தான் போன பதிவில் சொல்லியிருந்தேன். அந்த வரிசையெல்லாம் காட்பாடியில் நான் போய் நின்ற நண்பனின் பெரியப்பா வீட்டு வாசற்படியோடு போயிற்று.

அந்தப் பெரியப்பா ஒரு நடிகர். நாடகத்தில் ஆரம்பித்து, சினிமாவில் தலைகாட்டி, பிறகு சீரியல்களில் கந்துவட்டிக்காரராகவும் ஊர்ப் பெரிய மனுஷராகவும் மிரட்டியவர். முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் சம்பாதித்த காசெல்லாம் நவீன ஓவியங்களாக அந்த வீட்டில் இருக்கிறது. மூன்று அறை ஓட்டு வீடு. சுவரில் ஏழெட்டுப் படங்கள்தான். மீதி கட்டிலுக்கு அடியில், பழைய வேட்டியில் சுற்றி, நாப்தலீன் உருண்டை போட்டு அடுக்கியிருக்கிறது. மாதம் ஒருமுறை சுவரில் இருப்பது கட்டிலுக்கடியில் போகும், கட்டிலுக்கடியில் இருப்பது சுவருக்கு வரும்.

படத்தைவிட அதன் முதுகுதான் எனக்குப் பிடித்தது. ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தால் பென்சிலில் கணக்கு. ஒன்றில் இப்படி இருந்தது: "நாடகம் 2 – 60. படம் 90. பாக்கி 30, பொங்கலுக்குள்." கீழே வேறு பென்சிலில் "தீர்ந்தது" என்று அடிக்கோடு. சென்னைக்கு நாடகம் போடப் போகும்போதெல்லாம் ஈஞ்சம்பாக்கத்துக்கு பஸ் பிடித்து, சோழமண்டலத்தில் போய் நிற்பாராம். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் மெழுகு வைத்துச் சாயம் போடும் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் உருவாக்கிய ஓவியர் கிராமம் அது. "அவங்களும் காசில்லாதவங்க, நானும் காசில்லாதவன். அதனால தவணைன்னா யாரும் முகம் சுளிக்கல தம்பி" என்றார். பெரிய பெயர்கள் எதுவும் இவர் கைக்கு எட்டவில்லை. பெரும்பாலும் ஓவியக் கல்லூரி மாணவர்கள் வரைந்தவை. எழுத்து மாதிரி இருந்தும் எழுத்தாகாத கோடுகள், மஞ்சள் சதுரம் ஒன்று, மாட்டுத் தலையா மலையா என்று தெரியாத ஒரு கறுப்பு. "இது என்ன சார்?" என்று கேட்டேன். "பத்து நாள் பாரு, அப்புறம் கேளு" என்றார்.

அவருடைய சாமி வின்சென்ட் பிரைஸ். ஹாலிவுட் பேய்ப் படங்களில் வருவாரே, மைக்கேல் ஜாக்சன் பாட்டின் கடைசியில் குலைநடுங்கச் சிரிப்பாரே, அவர்தான். 12 வயதில் ரெம்பிராண்டின் தகட்டு அச்சுப் படம் ஒன்றை 37.50 டாலருக்குத் தவணையில் வாங்கியவர்! யேல் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்தார். படங்களில் பிணத்தையும் பேயையும் எழுப்பிச் சம்பாதித்ததை ஓவியங்களில் போட்டார். 1957இல் 90 படைப்புகளைக் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரிக்குத் தூக்கிக் கொடுத்தார். உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள் அசல் ஓவியத்தை நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காக. 1962இல் சியர்ஸ் என்ற பல்பொருள் கடைக்காகத் தானே தேர்ந்தெடுத்த அசல் படங்களைச் சாதாரணக் குடும்பங்களுக்குத் தவணையில் விற்க வைத்தார். வாஷிங் மெஷின் வாங்க வந்தவர்கள் படத்தோடு வீடு திரும்பினார்கள்.

இன்னொரு நடிகர் எட்வர்ட் ஜி. ராபின்சன். துப்பாக்கியோடு வரும் தாதா வேஷத்துக்குப் பேர் போனவர். அவர் சேர்த்த பிரெஞ்சு ஓவியங்களை விவாகரத்துக் கணக்கைத் தீர்க்க 1957இல் விற்க வேண்டியதாயிற்று. கிரேக்கக் கப்பல் முதலாளி நியார்கோஸ் 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அள்ளிக்கொண்டு போனார். மனுஷர் அதோடு விட்டாரா? மறுபடி முதலிலிருந்து சேர்க்க ஆரம்பித்தார். இந்தக் கதையைப் பெரியப்பா சொல்லும்போது சமையலறையிலிருந்து பெரியம்மா குரல் வந்தது: "விக்கறதாவது நடந்துச்சே. இங்க இருந்த காசுக்கு ஒரு மனை வாங்கியிருக்கலாம்." காட்பாடியில் இன்றைக்கு மனை விற்கும் விலைக்கு, பெரியம்மா கட்சிதான் நானும்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய், எண்ணெய்க் குழம்பு. காம்பிலும் தொப்பியிலும் நிஜமாகவே முள். "காம்பைப் பிடிக்காதீங்க" என்று எச்சரித்தபடியே இலையில் வைத்தார் பெரியம்மா. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய். சதை வெண்ணெயாகக் கரைகிறது, கசப்பு துளிகூட இல்லை. ஆம்பூர் பிரியாணிக்காக ஒதுக்கி வைத்திருந்த காசு மிச்சம். பட்ஜெட்டில் ஆட்டோ போட்ட ஓட்டையை அது அடைத்தது.

வெயில் தாழ்ந்ததும் கோட்டைக்குக் கூட்டிப்போனார். 1806 சிப்பாய்ப் புரட்சி பற்றி நீங்கள் பாடப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள், விடுங்கள். (மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள்.) ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில்தான் அரைமணி நேரம் நின்றோம். யாளியும் பாயும் குதிரையுமாகத் தூண்கள். நூற்றாண்டுக் கணக்கில் பூஜை இல்லாமல் கிடந்து, 1981இல்தான் கோயிலுக்கு மறுபடி சாமி வந்தது. இந்த மண்டபத்தைப் பெயர்த்துக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகக் கும்பினிக்காரர்கள் திட்டம் போட்டார்கள் என்றும், வந்த கப்பல் கடலில் மூழ்கிவிட்டது என்றும் ஒரு கதை உண்டு. "அவனும் என்னை மாதிரி கலைப்பொருள் சேக்கற கலெக்டர்தான். ஆனா பணம் கட்ட மாட்டான்" என்றார் பெரியப்பா. இந்தப் பழைய வடாற்காடு மாவட்டத்துக்கு ஓவியம் புதுசில்லை என்று ஒரு பிரசங்கமும் நடந்தது: மகேந்திரவாடியில் பாறையில் கோயில் குடைந்த பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் நாடகமும் எழுதினான், சித்திரகாரப்புலி என்று பட்டமும் போட்டுக்கொண்டான், ஆம்பூர் பக்கம் அர்மாமலைக் குகையில் சமண ஓவியம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்டி கட்டுப்படியாகாததால் அர்மாமலை அடுத்த முறைக்கு.

எனக்கு ஒன்று புரியவில்லை. நகைக்குச் சீட்டு கட்டுகிறோம், தீபாவளிப் பலகாரத்துக்குச் சீட்டு கட்டுகிறோம், பாத்திரத்துக்கும் கட்டுகிறோம். ஒரு படத்துக்கு ஏன் யாருக்கும் கட்டத் தோன்றவில்லை? கிரகப்பிரவேசத்துக்குப் போனால் சுவரில் அதே ஓடும் ஏழு குதிரைகள், அதே பிளாஸ்டிக் நீர்வீழ்ச்சி. அந்த விலைக்கே வரைகிற பையன் ஒருவனிடம் அசல் கிடைக்கும்.

கிடைத்தது. பெரியப்பா அனுப்பிய இடத்தில், ஒரு ஃபிரேம் கடை மாடியில், இளைஞர் ஒருவர் வரைந்த பாலாற்று மணல், மசியில், இரண்டு கையகலம். 2,400 ரூபாய். 800 கொடுத்தேன், நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு படத்தைக் கையிலேயே கொடுத்துவிட்டார். மீதி இரண்டு தவணை. அது முடியும்வரை ஏலகிரிப் பதிவை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.